முகம் கொடுத்தல்

கடிதம் என் பேருக்குத்தான் வந்தது.
சியாலா, வயது நாற்பத்தொன்பது, ரொட்டிக்கடை.
டிசம்பர் பதினொன்று, இரவு ஒன்பது நாற்பத்தேழுக்குப்
பாராளுமன்றத்தின் முன்னால்
வண்டி போகிற வழியில் நின்றதற்காக
மூன்று மாதச் சம்பளம் அபராதம்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு நான் தூங்குவேன்.
திபிலிசியில் எங்கள் தெருவில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.
மூன்று மணிக்கு அடுப்புக்குள் தலையைக் குனிகிறவள்
அதற்கு மேல் விழித்திருக்க மாட்டாள்.

கூடவே ஒரு படம்.
மேலிருந்து எடுத்தது, காக்கை பார்க்கிற மாதிரி.
கம்பளித் தொப்பி, பாதி திறந்த வாய்,
உயர்த்திய கை, முழங்கைக்குச் சரிந்த ஸ்வெட்டர்.
என் மூக்கு. என் தாடை.
இடது புருவத்தில் என் கோணல்.
கீழே: பொருத்தம்
தொண்ணூற்றாறு புள்ளி நான்கு சதவீதம்.

மீதி மூன்று புள்ளி ஆறின் பெயர் மக்வாலா.
என்னைவிடப் பதினொரு நிமிஷம் மூத்தவள்.

அம்மாவின் வீட்டை விற்ற பணத்தில் தகராறு.
முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷம்.
அவள் கோஷம் போடுகிற ஆள். நான் இல்லை.
எந்தக் கட்சிக்காரனும் சூடான ரொட்டிக்கு
வரிசையில்தான் நிற்கிறான்:
அவ்வளவுதான் என் அரசியல்.

சித்திமார்கள் சமாதானம் பேசித் தோற்றார்கள்.
பாதிரியார் இரண்டு தடவை வந்து தோற்றார்.
விளக்குக் கம்பத்தில் தொங்குகிற கண்ணாடிக் குமிழ்
ஒரு நொடியில் எங்களை ஒன்றாக்கிவிட்டது.

விசாரணை நாலு நிமிஷம்.
எனக்கு முன்னால் ஒரு பல் மருத்துவ மாணவன்,
பிறகு பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஒருவர்,
இருமிக்கொண்டே இருந்தார்.
நீதிபதி திரையை என் பக்கம் திருப்பினார்.
"இது நீங்கள்தானே?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.
அடுத்த கேள்வி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்:
அப்படியானால் யார்?

வக்கீல் காதில் சொன்னார்,
இரட்டைப் பிறவி என்று சொல்லுங்கள்,
பிறப்புச் சான்றிதழ் ஒன்று போதும், ஜெயித்துவிடலாம்.
முதல் இரண்டு தடவையும் இயந்திரம்
சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியிருந்தது.
மூன்றாவது தடவைக்குப் பணம் வாங்க மாட்டார்கள்,
ஆளைத்தான் வாங்குவார்கள்.

அப்போது புரிந்தது.
இயந்திரத்துக்குக் காட்டத்தான் தெரியும்.
கொடுக்கிற வேலையை
நம்மிடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.
பத்தொன்பது வருஷ அடுப்பு
முழங்கைவரை எழுதிய தழும்புகள்.
படத்தில் உயர்ந்திருந்த கையில்
அதில் ஒரு வரிகூட இல்லை.
யாரும் கையைப் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

தவணையில் கட்டுகிறேன்.
முதலாளி தெங்கிஸ் திட்டிக்கொண்டே முன்பணம் தந்தார்.
மாவு பிசைகிற பையன் மட்டும்
அன்றிலிருந்து எனக்குக் கதவு திறந்து விடுகிறான்.
அது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நிற்காத இரவுக்குக் காசு போய்க்கொண்டிருக்கிறது.
வாங்காத ரொட்டிக்குப் பணம் கட்டியவள்
கடைக்குப் போய்க் கேட்டால் என்ன தப்பு?

தூங்காமல் கிளம்பிப் போனேன்.
நல்ல குளிர். யாரோ தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.
கம்பத்துக்குக் கீழே
என் முகத்தை மப்ளரால் மூடிக்கொண்டு
ஒருத்தி நின்றிருந்தாள்.
நான் மூடவில்லை.
தலைக்கு மேல் குமிழ்
எங்களில் யாரையோ எழுதிக்கொண்டிருந்தது.

மேலும் கீழும் பார்த்தாள்.
மப்ளருக்குள்ளிருந்து, ஆறு வருஷம் கழித்து,
"புருவத்தில் மாவு" என்றாள்.

துடைத்துக்கொண்டேன்.
வீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை.
நானும் பேசவில்லை.